பெயர்ப்பட்டையைக் கழற்றுவதற்கு முந்தைய ஆறு வாரங்கள்

2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தின் கடைசி வாரத்தில், ராஜமுந்திரியில் நாங்கள் தங்கியிருந்த வாடகை வீட்டிற்கு, எங்கள் சபையின் ஊழியத்தை நடத்தும் மிஷன் அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஊர் திரும்பும் பயணச்சீட்டை எந்தத் தேதிக்கு எடுப்பது, எந்த நிலையத்தில் வீட்டார் வந்து அழைத்துக்கொள்வார்கள் என்பவைதான் அதில் இருந்த கேள்விகள். பதினாறு மாதங்களுக்கும் மேலாகச் சபையின் முழுநேர ஊழியக்காரியாக நான் காலை ஆறரை மணிக்கு எழுந்து, ஜெபித்து, வேதம் வாசித்து, கறுப்புப் பெயர்ப்பட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு வெளியே போய், இரவு ஒன்பது மணிக்குத் திரும்பிவந்த வாழ்க்கைக்கு ஒரு கடைசி நாள் உண்டு என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அந்தத் தேதியை நானே தட்டச்சு செய்து அனுப்பியபோது கை நடுங்கியது. அதன்பின் இருந்த ஆறு வாரங்களில் நான் சரியாகச் செய்தவற்றையும் தவறாகச் செய்தவற்றையும், இப்போது பணியின் முடிவை நெருங்கிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

வெளியில் மார்மன் என்று அறியப்படும் எங்கள் சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. அந்த முழுப்பெயரையே சொல்லிப் பழகுங்கள் என்று சபையின் அப்போதைய தலைவர் ரசல் எம். நெல்சன் 2018 அக்டோபரில் கேட்டுக்கொண்டபோது நான் ஊழியத்தில்தான் இருந்தேன். எங்கள் சபையில் இளைஞர்கள் இரண்டு ஆண்டுகளும் இளம்பெண்கள் பதினெட்டு மாதங்களும் ஊதியமில்லாமல் ஊழியம் செய்யலாம். எந்த ஊரில் வேலை, யாரோடு வேலை என்பதை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. எப்போதும் இருவராகவே இருக்க வேண்டும். உடன் இருப்பவரைக் கம்பானியன் என்போம். பெண்கள் ஒருவரையொருவர் சிஸ்டர் என்று குடும்பப் பெயரோடு அழைத்துக்கொள்வோம். ஆறு வாரங்களுக்கு ஒருமுறை டிரான்ஸ்பர் அறிவிப்பு வரும். அதில் ஊரும் மாறலாம், கம்பானியனும் மாறலாம். நான் பெங்களூரு லிங்கராஜபுரத்தில் வளர்ந்த தமிழ்ப்பெண். எங்கள் தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். பி.காம். முடித்த கையோடு, 2017 டிசம்பரில், மணிலாவில் உள்ள பயிற்சி மையத்திற்குப் போய்ச் சில வாரங்கள் பயின்றுவிட்டு, பெங்களூரு மிஷனின் கீழேயே ஆந்திரத்திற்கு அனுப்பப்பட்டேன். தெலுங்கில் ஒரு வாக்கியம் சேர்த்துப் பேசத் தெரியாமல் விசாகப்பட்டினம் ரயில் நிலையத்தில் இறங்கியவள், கடைசியில் கனவும் தெலுங்கிலேயே காணுமளவுக்கு அந்த ஊர்க்காரியாகிவிட்டிருந்தேன்.

ஊழியக்காரர்களிடையே ட்ரங்கி என்றொரு சொல் புழங்குகிறது. ட்ரங்குப் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்திருப்பவரைப் போல, உடல் இங்கும் மனம் வீட்டிலுமாக இருப்பவரைக் குறிக்கும் சொல் அது. பணி முடிவதைச் சாவு என்றும், கடைசிக் கம்பானியனைக் கொல்பவர் என்றும்கூடச் சொல்வார்கள். அந்தப் பேச்சு எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. ஒருவருடைய வாழ்க்கை அந்தப் பெயர்ப்பட்டையோடு முடிந்துவிடுகிறது என்ற எண்ணத்தை அது மெல்ல மெல்ல மனத்தில் ஊன்றிவிடுகிறது. திரும்பிவந்தவர்கள் பலர் மாதக்கணக்கில் திக்கற்று நிற்பதற்கு அந்த எண்ணமும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் ட்ரங்கி என்ற நோய் உண்மையானது. என் குறிப்பேட்டின் பின் அட்டையில் நாள்களுக்குக் கட்டம் போட்டு, ஒவ்வொரு இரவும் ஒன்றை அடித்துக்கொண்டிருந்தேன். என் கம்பானியன் ஹைதராபாத்தைச் சேர்ந்தவர், ஊழியத்திற்கு வந்து மூன்று மாதமே ஆனவர். ஒருநாள் அந்தக் கட்டங்களைப் பார்த்துவிட்டு அவர் எதுவும் சொல்லவில்லை; ஆனால் அன்று இரவு தன் தலையணைக்குள் முகம் புதைத்து அழுதார். எனக்கு நாள் குறைவது போலவே அவருக்கு நாள் மிகுந்து கிடப்பதும் அந்தக் கட்டங்களில் தெரிந்திருக்கிறது. மறுநாள் காலை அந்த அட்டையைக் கிழித்துப் போட்டேன். தேதியை எண்ண வேண்டுமென்றால் மனத்துக்குள் எண்ணிக்கொள்ளலாம், உடனிருப்பவர் கண்ணில் படும்படி எண்ணுவது அவருடைய ஊழியத்தையும் சேர்த்துக் கரைத்துவிடும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

இந்த ஆறு வாரங்களை நான் எப்படிச் செலவிட வேண்டும் என்று யோசித்தபோதெல்லாம் விசாகப்பட்டினத்தில் செய்த ஒரு தவறு என் முன்னால் வந்து நின்றது. அங்கே நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பத்திற்கு ஏறக்குறைய ஐந்து மாதங்கள் போதித்தோம். குடும்பத் தலைவர் துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்கும் தொழிலாளி. மனைவி வீட்டில் அப்பளம் இட்டு விற்பவர். பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படித்தார்கள். எங்களை வீட்டுப் பிள்ளைகளாகவே நடத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போய் அழைத்தால் நால்வரும் கிளம்பி வருவார்கள், எங்களுக்குப் பக்கத்திலேயே உட்காருவார்கள், கூட்டம் முடிந்ததும் எங்களோடு பேசிவிட்டுப் போய்விடுவார்கள். அதைப் பார்த்து நான் மகிழ்ந்தேன். அதில் இருந்த குறை எனக்குத் தெரியவில்லை. ஒரு சனிக்கிழமை இரவு டிரான்ஸ்பர் அழைப்பு வந்தது, செவ்வாய்க்கிழமை காலையில் நான் ரயிலில் இருந்தேன். அடுத்த ஒரு மாதத்தில் என் பழைய கம்பானியனும் மாற்றப்பட்டார். அந்தக் குடும்பத்தின் வீட்டிற்கு வழி தெரிந்தவர் சபையில் ஒருவர்கூட இல்லை. பதிவேட்டில் முகவரி இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு இரண்டாவது பிரசவத்திற்குப் பின் கால் வீக்கம் இருப்பதையும், அதனால் மாடியேற முடியாததையும், மாமியார் வீட்டிலிருக்கும் நாள்களில் அவர் வேதம் வாசிக்கத் தயங்குவதையும் நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆறு மாதம் கழித்து விசாரித்தபோது அவர்கள் வருவதில்லை என்றார்கள். அவர்கள் நம்பிக்கை இழந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. அவர்களுக்குச் சபை என்றால் நாங்கள் இருவர்தான். நாங்கள் போனதும் சபையும் போய்விட்டது.

எங்கள் சபையின் இந்திய வரலாற்றிலும் இதே வலி உண்டு. 1853ஆம் ஆண்டு கல்கத்தாவில் வந்திறங்கிய ஊழியக்காரர்களில் ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர் மதராசுக்கு வந்தார். அமெரிக்காவில் எங்கள் தலைமையகம் உள்ள சால்ட் லேக் பள்ளத்தாக்கில், 1849இல், எங்கள் சபையின் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர் அவர்தான். மதராசில் ஓராண்டு பாடுபட்டும் மிகச் சிலரே சபையில் சேர்ந்தார்கள். 1850களின் நடுவிலேயே இந்தியாவில் இருந்த ஊழியக்காரர்கள் அனைவரும் திரும்பிப் போய்விட, அவர்கள் கூட்டிவைத்தவர்களை ஏந்திக்கொள்ள உள்ளூரில் ஆள் இல்லாமல் எல்லாம் கலைந்துபோனது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு கோயம்புத்தூரில் பால் திருத்துவதாஸ் என்ற ஒரு தமிழர், ஊழியக்காரர் யாரும் அருகில் இல்லாத காலத்தில், தற்செயலாகக் கையில் கிடைத்த ஒரு துண்டுப் பிரசுரத்தைப் படித்துச் சால்ட் லேக் நகரத்திற்குத் தாமாகவே கடிதம் எழுதி, பல ஆண்டுகள் காத்திருந்து ஞானஸ்நானம் பெற்றார். அவர் அந்த ஊரிலேயே இருந்தார், அந்த ஊர் மக்களோடு இருந்தார். அதனால்தான் அவருடைய உழைப்பு நிலைத்தது என்பது என் எண்ணம். வருகிறவர்கள் போய்விடுவார்கள், இருக்கிறவர்கள்தாம் இருப்பார்கள் என்பதை ஊழியக்காரர் தம் முதல் நாளிலேயே மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். நான் அதைக் கடைசி ஆறு வாரத்தில்தான் எழுதிக்கொண்டேன்.

ஆகவே ராஜமுந்திரியில் நாங்கள் தொடர்ந்து சந்தித்துவந்த பதினான்கு பேருடைய பெயர்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்தச் சபையைச் சேர்ந்த ஒருவருடைய பெயரை எழுதினோம். பெயரை எழுதுவது சுலபமாக இருந்தது. அந்த இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்காரவைப்பதற்குத்தான் ஆறு வாரமும் போதாமல் போயிற்று. முதல் சந்திப்பில் நாங்களே பேசி, சபை உறுப்பினரைத் தெரிந்தவராக அறிமுகப்படுத்தினோம். இரண்டாவது சந்திப்பில் வேத வாசிப்பை அவரிடம் விட்டோம். மூன்றாவது சந்திப்பை அவரே ஏற்பாடு செய்யும்படி கேட்டுக்கொண்டு, நாங்கள் விருந்தாளிகளைப் போல ஓரமாக உட்கார்ந்தோம். இதில் எனக்குக் கடினமாக இருந்தது அந்த மூன்றாவது சந்திப்புதான். பேசாமல் இருப்பது கடினம்; இன்னொருவர் என்னைவிடத் தடுமாற்றத்தோடு பேசும்போது இடையில் புகுந்து திருத்தாமல் இருப்பது அதைவிடக் கடினம். ஆனால் அந்தத் தடுமாற்றத்தைப் பார்த்துத்தான் கேட்பவர்களுக்கு அவர் தங்களைப் போன்ற ஒருவர் என்ற நெருக்கம் வந்தது. பதினான்கு பேரில் ஒன்பது பேருக்கு மட்டுமே இந்த மூன்று சந்திப்பும் முழுமையாக நடந்தது. மற்ற ஐவரைப் பற்றி, அவர்களுக்கு எந்த நேரம் வசதி, யார் வீட்டில் இருந்தால் பேசத் தயங்குவார்கள், எந்தக் கேள்விக்கு நாங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை என்பதையெல்லாம் பதிவேட்டில் எழுதிவைத்தோம். எனக்குப் பதிலாக வரப்போகிறவர் அந்த வீட்டுக் கதவைத் தட்டும் முதல் நிமிடத்தை மனத்தில் வைத்து எழுதுங்கள்; அப்போது எது எழுத வேண்டியது என்று தானாகத் தெரியும்.

அந்த ஒன்பது பேரில் ஒருவர் கோதாவரிக் கரைக்கு அருகே ஒரு சந்தில் தனியாக வாழ்ந்த மூதாட்டி. அவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பள்ளிக்கூடம் போகாதவர், எங்கள் வேதநூல்களில் ஒன்றான மார்மன் புத்தகத்தைத் தெலுங்கில் வைத்துக்கொண்டு எங்களோடு எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்டிருந்தார். எனக்கும் அந்த எழுத்துகள் புதியவை என்பதால், இருவரும் ஒரே வரியில் விரலை வைத்துச் சேர்ந்து தடுமாறுவோம். அவரிடம் மட்டும் என் தேதியைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்று தள்ளித் தள்ளி, கடைசி வாரத்தில்தான் சொன்னேன். மே மாதக் கடைசி, ஆந்திரத்தில் ரோகிணிக் கார்த்தி என்று சொல்லும் உச்ச வெயில் காலம். எங்களுக்காக மண்பானையில் மோர் எடுத்து வைத்திருந்தார். நான் சொன்னதும் அவர் அழவில்லை. முன்பே தெரிந்திருந்தால் உனக்கு ஏதாவது செய்து வைத்திருப்பேனே அம்மா, இப்போது கையில் ஒன்றும் இல்லையே என்று மட்டும் சொன்னார். அவரைத் துயரத்திலிருந்து காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, விடைகொடுக்கும் உரிமையை அவரிடமிருந்து பறித்துவிட்டேன். அதனால்தான் சொல்கிறேன், குறைந்தது மூன்று வாரத்திற்கு முன்பாவது எல்லோரிடமும் தேதியைச் சொல்லிவிடுங்கள். முதியவர்களிடம் இன்னும் முன்னதாகச் சொல்லுங்கள். நல்லவேளையாக, எங்கள் சபைப் பெண்களின் அமைப்பான ஒத்தாசைச் சங்கத்தைச் சேர்ந்த ஓர் அக்கா, அங்கே ஒரு பள்ளியில் ஆயாவாக வேலை பார்த்தவர், ஏற்கெனவே மூன்று முறை எங்களோடு அந்த வீட்டிற்கு வந்திருந்தார். அந்த வாரமும் அவர்தான் உடன் இருந்தார். நாங்கள் கிளம்பும்போது அவர் கிளம்பவில்லை. பானையைக் கழுவிவைத்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனார்.

விடைபெறும்போது வாக்குறுதி கொடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். திரும்பி வருவேன், உங்கள் மகள் கல்யாணத்திற்கு நிச்சயம் வருவேன், வாரம் ஒருமுறை பேசுவேன் என்று அந்தப் பிரிவின் கனத்தில் வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிடுகிறோம். நான் நான்கு வீடுகளில் அப்படிச் சொன்னேன். பெங்களூரிலிருந்து ராஜமுந்திரிக்கு ரயிலில் ஏறக்குறைய ஒரு நாள் பயணம், வேலை கிடைத்த முதல் ஆண்டில் விடுப்பும் கிடையாது. அதன்பின் கொரோனா வந்துவிட்டது. ஒரு வீட்டிற்கும் நான் போகவில்லை. நிறைவேற்றக்கூடிய சிறிய வாக்கு ஒன்றை மட்டும் கொடுங்கள். கிறிஸ்துமஸ் அன்று தொலைபேசியில் பேசுவேன் என்று ஒரு வீட்டில் சொன்னேன். அது ஒன்றைத்தான் இன்றுவரை காப்பாற்றிவருகிறேன்.

வீட்டாரோடு பேசும் விஷயத்தில் என் காலத்தில் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. அதுவரை வாரம் ஒரு மின்னஞ்சல், ஆண்டில் இரண்டு தொலைபேசி அழைப்பு என்று இருந்ததை மாற்றி, 2019 பிப்ரவரியிலிருந்து வாரந்தோறும் எங்கள் சொந்த வேலைகளுக்கென ஒதுக்கிய ஆயத்த நாளில் வீட்டாரோடு பேசலாம் என்று சபை அனுமதித்தது. பதினான்கு மாதம் அம்மாவின் குரலை இரண்டு மூன்று முறை மட்டுமே கேட்டிருந்த எனக்கு அது பெரிய ஆறுதல், அதில் ஐயமே இல்லை. ஆனால் ஏப்ரல் மாதத்திலிருந்து அந்த அழைப்புகள் முழுக்க வீட்டைப் பற்றியதாகிவிட்டன. தங்கவயல் அத்தை ஒரு வரனைப் பற்றி விசாரித்திருக்கிறார், அப்பாவின் தொழிற்சாலையில் கணக்கு எழுத ஆள் தேடுகிறார்கள், உன் அறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டோம் என்று அம்மா அன்பாகச் சொல்லச் சொல்ல, அடுத்த மூன்று நாள் என் தலையில் வேறெதுவும் நுழையாது. கடைசியில் அம்மாவிடம் மனம்விட்டுப் பேசினேன். வேலை, வரன் இரண்டைப் பற்றியும் கடைசி வாரம்வரை பேச வேண்டாம், இப்போது நான் யார் யார் வீட்டிற்குப் போகிறேன் என்பதை நீங்கள் கேளுங்கள், நான் அதைச் சொல்கிறேன் என்றேன். அம்மா ஒரு நொடி மௌனமாக இருந்துவிட்டு, சரி கண்ணு, அந்தப் பாட்டி எந்த எழுத்துவரைக்கும் வந்திருக்கிறார் என்று கேட்டார். பெற்றோர் யாராவது இதைப் படித்தால், என் அம்மா கேட்ட அந்தக் கேள்வியைப் போன்ற ஒன்றை உங்கள் பிள்ளையிடமும் கேளுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன்.

அதே சமயம், ஊர் திரும்பியபின் தேவைப்படும் சில காரியங்களை முன்கூட்டியே செய்திருக்க வேண்டும் என்பதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். ஊழியத்திற்குப் போகும்போது என் கைபேசி எண்ணை அப்படியே விட்டுவிட்டுப் போனேன். பயன்படுத்தாமல் கிடந்த எண்ணை நிறுவனம் திரும்ப எடுத்து வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது. என் ஆதார் அந்த எண்ணோடு இணைந்திருந்தது, வங்கிக் கணக்கும் அதே எண்ணோடு இருந்தது. திரும்பிவந்த முதல் மாதம், ஒருமுறைக் கடவுச்சொல் (ஓடிபி) எவனோ ஒருவனுக்குப் போய்க்கொண்டிருக்க, நான் ஆதார் மையத்திற்கும் வங்கிக்கும் மாறி மாறி வரிசையில் நின்றேன். அந்த எண்ணுக்கு வீட்டில் யாராவது அவ்வப்போது ரீசார்ஜ் செய்துவந்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும். இரண்டு ஆண்டுகள் போகும் சகோதரர்களுக்கு இன்னொன்றும் உண்டு: இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வரவுசெலவு எதுவும் இல்லாத சேமிப்புக் கணக்கைச் செயலற்றது என்று வங்கி ஒதுக்கிவிடும், ஆகையால் இடையில் ஒருமுறையாவது அதில் பணம் போட்டு எடுக்கச் சொல்லிவிட்டுப் போங்கள். நான் பட்டச் சான்றிதழையும் வாங்காமல் கிளம்பியிருந்தேன். அதற்கும் இரண்டு மாதம் பிடித்தது.

கடைசிக் காலத்தில் மை பிளான் என்ற பெயரில் எதிர்காலத் திட்டம் ஒன்றை எழுதச் சொல்வார்கள். ஆவிக்குரிய வாழ்க்கை, படிப்பு, வேலை, குடும்பம் என்று பல தலைப்புகளில் குறிக்கோள்களை எழுத வேண்டும். எனக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும், ஆனால் நான் அதில் எழுதியவை ஐந்தாண்டுக் கனவுகள். முதல் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு என்ன செய்வேன் என்பது அதில் இல்லை. வீடு திரும்பிய முதல் பத்து நாள்களுக்கு நாள்வாரியாக எழுதியிருந்தால் அது என்னைத் தாங்கியிருக்கும்.

ஜூன் முதல் வாரத்தில், என்னோடு பணி முடித்த இன்னொரு சிஸ்டரும் நானும் சேஷாத்திரி எக்ஸ்பிரஸில் ஏறினோம். வண்டி கோதாவரிப் பாலத்தைக் கடக்கும்போது வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பெங்களூரில் மிஷன் தலைவரோடு கடைசி நேர்காணல் நடந்தது. எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தீர்கள் என்று கேட்பார் என்று நான் அஞ்சிக்கொண்டிருந்தேன், ஏனென்றால் என் எண்ணிக்கை மிகக் குறைவு. அவர் அதைக் கேட்கவே இல்லை. யாரையெல்லாம் யாரிடம் விட்டுவந்தீர்கள் என்று கேட்டார். பதினான்கு பெயர் கொண்ட அந்தத் தாள் என் வேதப் புத்தகத்துக்குள் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன்.

அன்று மாலை வீட்டிற்குப் போனபின்னும் நான் ஊழியக்காரியே. ஸ்டேக் என்று நாங்கள் சொல்லும், பல உள்ளூர்ச் சபைகள் சேர்ந்த வட்டாரத்தின் தலைவர் முறைப்படி விடுவிக்கும்வரை பெயர்ப்பட்டையைக் கழற்றக் கூடாது. அப்பா, அம்மா, தம்பி மூவரும் உடன் வர, அவருடைய சிறிய அலுவலக அறையில் உட்கார்ந்தோம். அவர் என் ஊழியத்தைப் பற்றிக் கேட்டார், நன்றி சொன்னார், இப்போது உங்களை விடுவிக்கிறேன் என்றார். பட்டையைக் கழற்றி அம்மாவின் உள்ளங்கையில் வைத்தேன். பதினெட்டு மாதம் குத்திக் குத்திச் சட்டையில் விழுந்திருந்த இரண்டு ஓட்டைகளை அம்மா விரலால் தடவிப் பார்த்தார். அங்கே நான் அழுதது வேறு எங்கும் அழுததில்லை. அந்த நாளில் வரவேற்பு விருந்து எதுவும் வைக்காமல் இருந்த என் குடும்பத்திற்கு நான் நன்றியுள்ளவள். அன்று இரவு எனக்கு ரசம் சோறும் தூக்கமும்தான் தேவையாக இருந்தன.

அதற்குப் பிந்தைய வாரங்களைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. பதினெட்டு மாதமாக எந்த நேரமும் ஒருவர் கண்பார்வையில், கூப்பிடும் தூரத்தில் இருந்து பழகிய உடம்பு, தனியாகத் தெருமுனைக் கடைக்குப் போய்ப் பால் வாங்கிவரத் திணறியது. பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அறையில் தனியாகப் படுக்க முடியாமல் அம்மா பக்கத்தில் பாய் போட்டுக்கொண்டேன். இது கோழைத்தனம் அல்ல. இதற்கு வெட்கப்பட வேண்டியதுமில்லை, இரண்டு மூன்று வாரத்தில் தானாகச் சரியாகும். ஆனால் என் தம்பியிடம் நான் நடந்துகொண்ட விதத்திற்கு வெட்கப்படுகிறேன். அவன் பாட்டுக் கேட்பதையும் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் பார்ப்பதையும் கண்டித்து, ஊழியத்தில் கடைப்பிடித்த ஒழுங்கை வீட்டிற்குச் சட்டமாக்கப் பார்த்தேன். அக்கா நீ வந்ததிலிருந்து வீட்டில் மூச்சுவிட முடியவில்லை என்று அவன் ஒருநாள் சொன்னான். ராஜமுந்திரியில் அந்நியர் வீடுகளில் அவ்வளவு பொறுமையாக இருந்த நான், சொந்தத் தம்பியிடம் அதில் பாதியைக்கூடக் காட்டவில்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்டபின், காலையில் அரை மணி நேரம் வேதம் வாசிப்பதை மட்டும் எனக்கான ஒழுங்காக வைத்துக்கொண்டு மற்றதை விட்டேன். அந்த அரை மணி நேரம் இன்றும் தொடர்கிறது. சபையில் ஏதாவது ஒரு பொறுப்பைச் சீக்கிரமே கேட்டு வாங்கிக்கொள்வதும் பெரிய உதவி; எனக்கு ஆயர் குழந்தைகளின் வகுப்பைக் கொடுத்தார், அது என்னை நிற்கவைத்தது.

வேலைக்கான நேர்முகத் தேர்வுகளில் இந்தப் பதினெட்டு மாதம் என்ன செய்தீர்கள் என்ற கேள்வி தவறாமல் வந்தது. முதலில் மென்று விழுங்கினேன், அதனால் எதையோ மறைப்பதாகத் தோன்றியது. பிறகு நேராகச் சொன்னேன்: என் சபைக்காக முழுநேரத் தன்னார்வப் பணி செய்தேன், தெலுங்கு கற்றேன், ஒவ்வொரு வாரமும் திட்டமிட்டு அதை எழுத்தில் கணக்குக் காட்டினேன், முன்பின் தெரியாதவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்து சேர்ந்து வேலை செய்தேன் என்று. மூன்றாவது இடத்தில் வேலை கிடைத்தது; தெலுங்கு தெரியும் என்பதே அவர்களுக்குப் பெரிதாகப் பட்டது. தங்கவயல் அத்தை கொண்டுவந்த வரனைப் பற்றி, ஆறு மாதம் கழித்துப் பேசலாம் அத்தை என்று மரியாதையாகச் சொன்னதில் யாருக்கும் வருத்தமில்லை. திரும்பிவந்த ஆறு மாதத்திற்குள் வாழ்க்கையின் பெரிய முடிவு எதையும் அவசரத்தில் எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து, சிலர் இதை மறுப்பார்கள் என்றும் எனக்குத் தெரியும்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. விசாகப்பட்டினத்தில் என்னோடு இருந்த ஒரு சிஸ்டர், உடல்நிலை மோசமானதால் ஏழாவது மாதத்திலேயே வீடு திரும்பினார். அவருக்கு ரயில் நிலையத்தில் மாலை போட யாரும் போகவில்லை, ஏன் சீக்கிரமே வந்துவிட்டாய் என்றுதான் கேட்டார்கள். அவர் செய்த ஊழியம் ஏழு மாத ஊழியம். அது முழுமையான ஊழியம். நான் பதினெட்டு மாதத்தில் பட்ட தடுமாற்றம் அனைத்தையும் அவர் எந்த ஆயத்தமும் இல்லாமல் ஒரே வாரத்தில் பட்டார். உங்கள் சபையில் அப்படி ஒருவர் திரும்பி வந்திருந்தால், காரணம் கேட்காதீர்கள். எந்த ஊரில் யார் வீட்டிற்கெல்லாம் போனாய் என்று கேளுங்கள். அவரும் யாரையோ யாரிடமோ விட்டுவிட்டு வந்தவர்தான், விட்டுவர நேரமே கிடைக்காமல் வந்தவர்.

அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று, சொன்னபடியே ராஜமுந்திரிக்குத் தொலைபேசியில் பேசினேன். ஒத்தாசைச் சங்கத்து அக்காதான் எடுத்தார். மூதாட்டி அவர் வீட்டில்தான் சாப்பிட வந்திருந்தார். பேசச் சொல்லிக் கைபேசியை அவரிடம் கொடுத்தார்கள். என்னை அடையாளம் கண்டுகொள்ள அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. அதன்பின் நலம் விசாரித்தார், கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டார். பிறகு அக்காவின் மகளுக்கு மார்ச் மாதத்தில் பத்தாம் வகுப்புப் பரீட்சை வருவதாகவும், இரவு தூக்கம் வராமல் இருக்க அவளுக்குத் தான்தான் துணைக்கு உட்கார்ந்திருப்பதாகவும், அவள் தன் பாடத்தைப் படிக்கும்போது தான் பக்கத்தில் மார்மன் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்காருவதாகவும் நெடுநேரம் சொல்லிக்கொண்டே போனார். அந்தப் பெண் பின்னால் இருந்து, பாட்டி, சாம்பார் ஆறுது என்று தெலுங்கில் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. சரி அம்மா, வைக்கிறேன், கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டுக் கைபேசியை அணைக்கத் தெரியாமல் அப்படியே கீழே வைத்துவிட்டார். தட்டுகளின் ஓசையும் அவர்களுடைய பேச்சும் இன்னும் சிறிது நேரம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தன.